போனஸ் வரும் வரை காத்திருக்கலாமா?

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா அரங்கில் போனஸைப் பற்றிப் பேச ஒருவரை அழைத்திருக்கிறார்களே என்று சிலர் புன்னகைப்பதைக் காண்கிறேன். இதற்குக் காரணம் ஓர் அம்மையார். சென்ற ஆண்டு இதே மண்டபத்தில், உணவுப் பந்தியில், எனக்கு எதிர் இலையில் அமர்ந்திருந்தவர், "அண்ணா, நீங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிற இடத்தில் இருந்தவர்தானே? என் மகனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. போனஸ் வாங்கிக்கொண்டுதான் போவேன் என்கிறான். மூன்று மாதமாக இதே பேச்சு. அவன் செய்வது சரியா?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல முடியாத கேள்வி அது. அந்த இலையில் தொடங்கிய பேச்சைத்தான் செயலர் அவர்கள் ஓராண்டு நினைவில் வைத்திருந்து, இங்கே என்னை நிறுத்திவிட்டார்.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் ஊழியர் நிர்வாகப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். நூற்பாலை ஒன்றின் டைம் ஆபீஸில் எழுத்தராகத் தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையின் மேலாளராக முடித்தேன். பிறர் வேலைக்குச் சேர்வதையும் விலகுவதையும் தாளில் எழுதியே என் காலம் கழிந்தது. அறிஞனாக அன்று, அந்தத் தாள்களைப் படித்தவனாகவே பேசுகிறேன்.

முதலில் என் சொந்தக் கதை. 1996ஆம் ஆண்டு. கோவை வட்டாரத்தில் ஒரு நூற்பாலையில் எனக்கு மாத ஊதியம் 2,400 ரூபாய். அந்த ஆண்டு தங்கையின் ஆசிரியப் பயிற்சிக் கட்டணத்திற்காக அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிருந்தது. தீபாவளி போனஸ் வந்ததும் மீட்டுவிடலாம் என்பது வீட்டின் கணக்கு. இடையே சென்னைப் பக்கம் இதைவிட நல்ல வேலை கிடைத்தது. உடனே வரவேண்டும் என்றார்கள். செப்டம்பர் இறுதியில் விலகினேன். விலகும்போது மேற்பார்வையாளரிடம் போனஸைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "போகிறவனுக்கு ஏது போனஸ்?" என்று சிரித்தார். நானும் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். சங்கிலி மீளவில்லை. வட்டி ஏறி, மறு ஆண்டு ஏலத்திற்குப் போயிற்று.

மூன்று ஆண்டுகள் கழித்துத் தொழிலாளர் சட்டத் தேர்வுக்காகப் படித்துக்கொண்டிருந்த ஓர் இரவில், 1965ஆம் ஆண்டின் போனஸ் வழங்கல் சட்டத்தை முதன்முறையாக வரிவரியாகப் படித்தேன். கணக்காண்டில் 30 வேலை நாள்களேனும் பணி செய்தவருக்குப் போனஸ் உண்டு. அது குறைந்தது ஊதியத்தில் 8.33 விழுக்காடு, மிகுந்தால் 20 விழுக்காடு. இடையில் விலகினால் அந்த உரிமை போய்விடும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. மோசடி, திருட்டு, பணியிடத்தில் வன்முறை, சொத்துக்குக் கேடு ஆகியவற்றுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவருக்கு மட்டுமே அது இல்லை. நானோ 1996 மார்ச் மாதத்தோடு முடிந்த ஆண்டு முழுவதும் அங்கே வேலை செய்தவன். 28,800 ரூபாய்க்கு 8.33 விழுக்காடு என்றால் 2,399 ரூபாய். ஏறத்தாழ ஒரு மாத ஊதியம். அது எனக்குச் சட்டப்படி சேர வேண்டிய பணம். கேட்டு மனுச் செய்வதற்கு அன்று இருந்த கெடு ஓராண்டு. நான் படித்தபோது மூன்றாண்டு கடந்திருந்தது. அந்த மேற்பார்வையாளர் என்னை ஏமாற்ற நினைத்தார் என்று நான் கருதவில்லை. அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். டைம் ஆபீஸில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரியவில்லையே!

இந்தக் குழப்பத்திற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் உலகப் போர்க்கால விலையேற்றத்தை ஈடுகட்ட, 1917இல் பம்பாய்ப் பஞ்சாலை முதலாளிகள் ஊதியத்தோடு பத்து விழுக்காடு 'போர் போனஸ்' கொடுத்தனர். சில ஆண்டுகள் கழித்துப் போனஸ் நிறுத்தப்பட்டபோது, 1924இல் பம்பாய்ப் பஞ்சாலைகளில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. தலைமை நீதிபதி நார்மன் மெக்லியாட் தலைமையில் அமைந்த குழு, தொழிலாளர்கள் இதை உரிமையாகக் கோர இயலாது என்றது. அதாவது, அது முதலாளியின் அன்பளிப்பு. 1950இல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் லாபத்திலிருந்து எவற்றைக் கழித்தபின் மிச்சத்தில் தொழிலாளிக்குப் பங்கு என்று ஒரு வாய்பாடு வகுத்தது. 1961இல் போனஸ் ஆணையம், 1965இல் சட்டம். அன்பளிப்பு உரிமையாக மாற ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. சட்டம் மாறினாலும் மனம் மாறவில்லை. இன்றும் கொடுப்பவர் மனத்தில் அது அன்பளிப்பு, வாங்குபவர் மனத்தில் உழைப்பின் மிச்சக் கூலி.

1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் இப்போது 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டன. 30 நாள், 8.33 விழுக்காடு, 20 விழுக்காடு, கணக்காண்டு முடிந்த எட்டு மாதத்திற்குள் வழங்குதல் ஆகியவை மாறவில்லை. கோரிக்கை வைப்பதற்கான கெடு மூன்றாண்டாக நீண்டிருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தப்படி மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாதவர்களுக்கே இந்தப் போனஸ் உரியதாக இருந்தது. புதிய தொகுப்பில் அந்த வரம்பை அரசு அறிவிக்கையின் மூலம் குறிக்கும். ஆகவே இந்தப் போனஸுக்கு உரிய நம் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் போனஸுக்காக நீங்கள் நல்ல வேலையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. விலகியபின்னும் அது உங்களுடையது. எழுத்து மூலம் கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் புதிய முகவரியையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஆனால் இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் பலர் அந்த வரம்பைக் கடந்தவர்கள். நீங்கள் 'போனஸ்' என்று சொல்வது வேறொன்று. 'வேரியபிள் பே' என்றும் 'பெர்ஃபார்மன்ஸ் போனஸ்' என்றும் நியமனக் கடிதத்தின் இணைப்பில் எழுதியிருக்குமே, அது. அதற்கு நிறுவனம் எழுதிக்கொடுத்த நிபந்தனையே அடிப்படை. பெயர் ஒன்று, தன்மை இரண்டு. இந்த ஒற்றைப் பெயரால் விளைந்த துன்பத்தை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டப்படி கிடைக்க வேண்டியதை விட்டுவிட்டு வருபவர்களும் உண்டு. நிபந்தனைப்படி கிடைக்காததை நம்பிக் காத்திருப்பவர்களும் உண்டு.

அந்த நிபந்தனை பொதுவாக மூன்று வடிவங்களில் வரும். மார்ச் 31 அன்று பணியில் இருந்தால் போதும் என்பது ஒன்று. போனஸ் வழங்கப்படும் நாளன்று பணியில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. வழங்கும் நாளன்று பணியில் இருக்க வேண்டும், அன்று விலகல் கடிதம் கொடுத்தவராகவும் இருக்கக் கூடாது என்பது மூன்றாவது. படிக்கும்போது மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். பணத்தில் எவ்வளவு வேறுபாடு என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். எண்ணில்லாமல் இதைப் பேச முடியாது.

ஓர் இளைஞர் மாதம் 65,000 ரூபாய் பெறுகிறார். புதிய இடத்தில் 85,000 தருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. மாதத்துக்கு 20,000 கூடுதல். பழைய இடத்தில் ஆண்டு போனஸ் 1,40,000 என்று தாளில் இருக்கிறது. சென்ற ஆண்டு அதில் 70 விழுக்காடே வந்தது. ஆகவே 98,000 என்று கொள்வோம். தாளில் உள்ள தொகையைக் கணக்கில் எடுக்காதீர்கள், சென்ற ஆண்டு கைக்கு வந்ததை எடுங்கள். போனஸ் வருவது ஜூன் 30. நோட்டீஸ் காலம் 90 நாள். இன்று பிப்ரவரி முதல் நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்றே கடிதம் கொடுத்தால் மே முதல் வாரத்தில் அவர் புதிய இடத்தில் இருப்பார். நிபந்தனை முதல் வடிவத்தில் இருந்தால், மார்ச் 31 அன்று பணியில் இருப்பார் அல்லவா? போனஸும் வரும், புதிய வேலையும் தள்ளிப்போகாது. காத்திருக்க ஒரு காரணமும் இல்லை. நிபந்தனை இரண்டாம் வடிவத்தில் இருந்தால் ஏப்ரல் 5ஆம் நாள் கடிதம் கொடுக்கலாம். 90 நாள் ஜூலை 4இல் முடியும். ஜூன் 30 அதற்குள் அடங்கிவிடும். தாமதம் இரண்டு மாதம், அதாவது 40,000 ரூபாய், வருவது 98,000. காத்திருப்பது நல்லது. மூன்றாம் வடிவத்தில் இருந்தாலோ, பணம் கணக்கில் ஏறியபின் ஜூலை முதல் நாள்தான் கடிதம் கொடுக்க முடியும். வெளியே வர செப்டம்பர் இறுதி ஆகிவிடும். தாமதம் ஐந்து மாதம். இழப்பு ஒரு லட்சம். 98,000 ரூபாய்க்காக ஒரு லட்சம் ரூபாயை விடுகிறார்! வரி இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் பிடிக்கப்படும் என்பதால் அது இந்தக் கணக்கை மாற்றாது. ஒரே மனிதர், ஒரே போனஸ், ஒரே வேலை. கடிதத்தில் உள்ள ஒரு வாக்கியம் முடிவை மூன்றாகப் பிரிக்கிறது.

பலர் இந்தக் கணக்கில் சறுக்குவது ஓரிடத்தில்தான். போனஸ் வரும் நாள் வரையிலான மாதங்களை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது புதிய வேலையில் சேரும் நாள் எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதை. நோட்டீஸ் காலம் நீளமாக இருப்பவர்களுக்கு இவ்விரண்டும் மிகவும் வேறுபடும்.

இந்த மூன்றாம் வடிவத்தைப் பற்றி நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது என் நெஞ்சில் தங்கிய முள்.

என் பணியின் பிற்பகுதியில், எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். ஆறு ஆண்டுகள் எங்களிடம் வேலை செய்தவர். திருமணமாகி, கணவர் பணியாற்றும் ஊருக்குப் போக வேண்டிய நிலை. மே மாதம் 12ஆம் நாள் விலகல் கடிதம் கொடுத்தார். போனஸ் மே 31இல் வழங்கப்பட்டது. அன்றைக்கு அவர் பணியில் இருந்தார். காலை ஷிஃப்டில் வந்து கையொப்பமிட்டிருந்தார். உடன் வேலை பார்த்த அத்தனை பேரின் செல்பேசியிலும் வங்கியின் செய்தி ஒலித்தது. அவருடையதில் ஒலிக்கவில்லை. மறுநாள் என் அறைக்கு வந்தார். கொள்கைக் குறிப்பின் நான்காம் பக்கத்தை எடுத்து, 'விலகல் அறிவிப்பில் உள்ளோர் நீங்கலாக' என்ற சொற்களைக் காட்டினேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "ஐயா, சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை நான் செய்த வேலைக்குத்தானே இந்தப் பணம்? அந்த வேலை எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

என்னிடம் விடை இல்லை. விதி அப்படி இருக்கிறது என்றேன். விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து 'கொள்கையின்படி இயலாமைக்கு வருந்துகிறோம்' என்று ஒரு கடிதம் போயிற்று. அந்தக் கடிதத்தில் கையொப்பமிட்டவன் நான்.

அந்த விதியை வகுத்தவர்களிடம் ஒரு வாதம் உண்டு. நேர்மையாக அதையும் சொல்ல வேண்டும். போனஸ் கடந்த உழைப்புக்கு மட்டுமன்று, இனியும் இருப்பார் என்ற எதிர்பார்ப்புக்கும் சேர்த்தே தரப்படுகிறது என்பார்கள். அப்படியானால் அதைக் கடந்த ஆண்டின் மதிப்பெண்ணைக் கொண்டு அளப்பானேன்? ஆளை நிறுத்திவைக்கத் தரும் பணத்துக்கு 'ரிடென்ஷன் போனஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறதே! இதை ஒரு குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். அவ்வாண்டு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காகக் கொள்கையைத் திருத்தியபோது அந்தச் சொற்கள் நீங்கின. அந்தப் பெண்ணுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மே 12க்குப் பதிலாக ஜூன் 1ஆம் நாள் கடிதம் கொடுத்திருந்தால் போதும். விலகும் முன் யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் நான் சொல்லியிருப்பேனா? நிர்வாகத்தின் நாற்காலியில் இருந்துகொண்டு, "இருபது நாள் பொறு" என்று சொல்லியிருப்பேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

எனவே இளைஞர்களே, நிர்வாகப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்று இருக்காதீர்கள். கேட்ட உடனேயே நீங்கள் போகப்போகிறவர் என்று தெரிந்துவிடும். நியமனக் கடிதம், அதன் இணைப்பு, ஆண்டுதோறும் ஊதிய உயர்வோடு வரும் கடிதம், நிறுவனத்தின் உள்வலையில் இருக்கும் போனஸ் கொள்கை ஆகியவற்றை வேலை மாறும் எண்ணம் இல்லாத காலத்திலேயே படித்து வைத்துக்கொள்ளுங்கள். கொள்கை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும்; தேதியைப் பாருங்கள்.

காத்திருந்து கெட்டவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் உறவினர் மகன் ஒருவன், ஒரகடத்தில் வேலை. மார்ச்சில் புதிய நிறுவனத்தின் கடிதம் வந்தது. எதிர்பார்த்த போனஸ் ஒரு லட்சத்து இருபதாயிரம். தங்கையின் நிச்சயதார்த்தச் செலவுக்கு அதைத்தான் சொல்லிவைத்திருந்தார்கள். புதிய நிறுவனம் மே மாதம் வரச் சொன்னது. வீட்டில் உடல்நலமில்லை என்று ஒரு முறை, நிர்வாகம் விடுவிக்கவில்லை என்று ஒரு முறை தள்ளிவைத்தான். இரண்டுமே உண்மையன்று. ஜூலையில் போனஸ் வந்தது, பாதியாக. அவ்வாண்டு விற்பனை குறைவு என்றார்கள். மறுநாள் மகிழ்ச்சியில்லாமல் விலகல் கடிதத்தை எழுதிக்கொண்டு, புதிய நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தான். அந்த இடத்திற்கு வேறொருவர் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது என்றார்கள். நல்ல வேளையாகக் கடிதத்தை இன்னும் கொடுத்திருக்கவில்லை. நிச்சயதார்த்தம் கடன் வாங்கி நடந்தது. அவனுக்கு அதைவிட உறுத்தியது, அம்மாவுக்கு உடல்நலமில்லை என்று சொன்ன பொய். சொன்ன சில வாரங்களில் அவருக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்து படுத்தார். இரண்டிற்கும் தொடர்பில்லை என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவன் கேட்கவில்லை.

அவன் செய்திருக்க வேண்டியது மிக எளியது. புதிய நிறுவனத்திடம் முதல் நாளே, "எனக்கு இங்கே ஜூலையில் இவ்வளவு போனஸ் வர வேண்டும். நான் இப்போதே வந்தால் அது போய்விடும். அதுவரை பொறுக்க முடியுமா, அல்லது அதற்கு ஈடாக ஏதேனும் தருவீர்களா?" என்று கேட்டிருக்கலாம். ஆளெடுக்கும் நாற்காலியில் இருந்தவன் சொல்கிறேன், இந்தக் கேள்வியை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எங்களுக்குப் பழகிய கேள்வி அது. சென்ற ஆண்டு வந்த போனஸின் ஊதியச் சீட்டைக் காட்டினால், 'ஜாய்னிங் போனஸ்' என்று ஒரு தொகை தர பல நிறுவனங்கள் இசையும். தர இயலாது என்றால், அதையும் முதல் நாளே தெரிந்துகொள்கிறீர்கள்.

அப்படித் தரும் ஜாய்னிங் போனஸிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஓராண்டுக்குள்ளோ, சில இடங்களில் இரண்டாண்டுக்குள்ளோ விலகினால் திருப்பித் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். வரி பிடித்ததுபோகக் கைக்கு வந்தது எழுபதாயிரம், திருப்பிக் கேட்பது ஒரு லட்சம் என்ற நிலை வரலாம். எந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டும், இருந்த மாதங்களுக்குக் கழிவு உண்டா என்பவற்றைக் கையொப்பத்திற்கு முன் எழுத்தில் கேளுங்கள். இன்னொன்று: ஆண்டின் பிற்பகுதியில் சேர்பவர்களுக்கு அவ்வாண்டின் ஊதிய உயர்வு கிடையாது என்று சில நிறுவனங்களில் ஒரு கெடு நாள் உண்டு. பழைய போனஸுக்காகச் சில வாரம் காத்திருந்து, அந்தக் கெடுவைத் தவறவிட்டால் ஓராண்டு உயர்வு போய்விடும்.

பழைய முதலாளியிடம் எவ்வளவு சொல்ல வேண்டும் என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். என் கருத்து இது. போனஸ் வரும் வரை பேசாமல் இருப்பது பொய்யாகாது. நோட்டீஸ் காலம் என்று ஒன்றை எழுதி வைத்திருப்பதே, அதற்கு முன் சொல்ல வேண்டியதில்லை என்பதற்குத்தான். ஆனால், "இவரை நம்பி அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பைத் தருகிறேன், இருப்பீர்கள் அல்லவா?" என்று மேலதிகாரி முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது, "இருப்பேன்" என்று சொல்லிவிட்டு மறுவாரம் போவது வேறு. அந்த இடத்தில் போனஸ் போனாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிவு எல்லாருக்கும் வாய்க்காது. வீட்டுக் கடன் தவணை கட்டும் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. "இப்போது உறுதி சொல்ல இயலவில்லை, ஐயா" என்றாவது சொல்லலாம். புதிய நிறுவனத்திடம் மட்டும் சேரும் நாளைப் பற்றிப் பொய் வேண்டாம். அவர்கள் உங்களுக்காக ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்கிறார்கள்.

போனஸையே பார்த்துக்கொண்டிருப்பவர் அதைவிடப் பெரிய தொகையை மறந்துவிடுவதும் உண்டு. பணிக்கொடையைச் சொல்கிறேன். ஐந்தாண்டு தொடர்பணி முடித்தவருக்கு, கடைசி அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 ரூபாய் என்றால் ஐந்தாண்டுக்கு 86,538 ரூபாய். நான்கரை ஆண்டில் போனஸை வாங்கிய கையோடு விலகிவிட்டு, சில மாதம் பொறுத்திருந்தால் கிடைத்திருக்கும் இந்தத் தொகையை விட்டவர்களை நான் அறிவேன். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் பணி செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. எல்லா நிறுவனங்களும் அதைத் தாமாக ஏற்பதில்லை என்பதால், முடிந்தவரை ஐந்தாண்டை நிறைவு செய்வதே தொல்லையற்ற வழி. வருங்கால வைப்பு நிதியை வெளியே எடுக்காதீர்கள். புதிய கணக்குக்கு மாற்றுங்கள். ஐந்தாண்டுத் தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரி உண்டு. நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பெற்றோருக்கு அறுவைச் சிகிச்சை நாள் குறித்திருப்பவர்கள் போனஸ் தேதியைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

வரியில் ஒரு சிறு செய்தி. ஆண்டின் நடுவில் மாறினால், பழைய இடத்து ஊதியத்தையும் போனஸையும் புதிய நிறுவனத்திடம் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே 75,000 ரூபாய் நிலைக்கழிவையும் குறைந்த வரி அடுக்குகளையும் தந்துவிடும். இரண்டு மாதம் கை நிறைய வரும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அத்தனையும் வட்டியோடு கட்ட நேரும்.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் போனஸ் கணக்கில் ஏறும் முன் அதை நகைக்கடையிலும் மண்டபத்திலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நிறுவனத்தில் அவனைக் கட்டிப்போடுவது பல வேளைகளில் போனஸ் அன்று. அந்தப் போனஸை நம்பி நாம் கொடுத்துவிட்ட வாக்கு. என் வீட்டில் அந்தச் சங்கிலி அப்படித்தான் போயிற்று.

பந்தியில் கேட்ட அம்மையாரின் மகனைப் பற்றிச் சொல்லாமல் விட்டேன். அன்று மாலையே அவரை நியமனக் கடிதத்தோடு வரச் சொன்னேன். செல்பேசியில் இருந்த கோப்பைத் திறந்து, இருவரும் இந்த மண்டபத்தின் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம். அவருடையது முதல் வடிவம். மார்ச் 31 அன்று பணியில் இருந்தால் போதும். அந்தத் தேதி கடந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. மூன்று மாதமாக அவர் காத்திருந்தது ஏற்கெனவே தமக்குச் சொந்தமாகிவிட்ட பணத்திற்காக! மறுநாள் காலை விலகல் கடிதம் கொடுத்தார். போனஸ் மற்றவர்களுக்கு ஜூலையில் வந்தது. இவருக்கு மூன்று கடிதம் எழுதியபின் செப்டம்பரில் வந்தது. அந்த மூன்று கடிதங்களின் நகலும் என்னிடம் இருக்கின்றன. பெயரை நீக்கிவிட்டுத் தருகிறேன், வேண்டியவர்கள் மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்.

உணவுக்குப் பின் நான்கு மணி வரை அதே திண்ணையில் இருப்பேன். கடிதம் வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வந்திருக்கிறேன்.